எங்கள் மாமரத்துக்கு வந்த மகாராணி

போன மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலைச் சமையலை முடித்துவிட்டு, பேரனின் துணிகளை அலசிக் கொல்லைப்புறக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தேன். மணி பதினொன்று இருக்கும். தலைக்கு மேலே 'ஹோ'வென்று ஓர் இரைச்சல். விமானப்படைத் தளத்திலிருந்து விமானம் கிளம்புகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். சேலையூரில் இருக்கிற எங்களுக்கு அது பழகிப்போன சத்தம். ஆனால் இந்தச் சத்தம் நகர்ந்து போகிற வழியாக இல்லை. நிமிர்ந்து பார்த்தால், அம்மாடி! ஆகாயம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தேனீக்கள்!

கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடி, கதவைச் சாத்தினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, அத்தனையும் எங்கள் மாமரத்தின் தாழ்ந்த கிளையில் வந்து அப்பிக்கொண்டிருந்தன. அரை மணி நேரத்தில் சத்தம் அடங்கிவிட்டது. ஒரு பெரிய பலாப்பிஞ்சு தொங்குவது போல, பழுப்பு நிறத்தில் ஒரு கொத்து. அதற்கு நேர் கீழே, கொடியில் பேரனின் சட்டைகள்!

என் பெண் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து 40 நாள்கூட ஆகவில்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எதிர்வீட்டுப் பெரியவர் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். நல்ல மனிதர், ஆத்திர அவசரத்துக்கு முதலில் வந்து நிற்பவர். "கவலைப்படாதேம்மா. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பந்தம் காட்டினா அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும்" என்றார். ஆபீஸிலிருந்த இவருக்குப் போன் செய்தேன். "கைக்குழந்தை இருக்கிற வீட்டுல விஷப்பரீட்சை வேண்டாம். அவர் சொல்றபடியே செய்" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

நான்கரை மணிக்குப் பக்கத்து வீட்டு டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தார். அவருக்குச் சொந்த ஊர் குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம். மதில் ஓரமாக நின்று ஒரு நிமிஷம் பார்த்தார். "அக்கா, இது கூடே இல்லை. கூட்டம் பிரிஞ்சு வந்திருக்கு. வழியில இளைப்பாறுது, அவ்வளவுதான். எரிக்கச் சொல்லிடாதீங்க. எங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்று போனைப் போட்டுக் கையில் கொடுத்தார்.

அவருடைய அப்பா சின்ன வயதிலிருந்தே தேனீப் பெட்டி வைத்திருப்பவர். மார்த்தாண்டத்துக்கும் தேனீக்கும் உள்ள உறவு நூறு வருஷத்துச் சமாச்சாரம். 1910களில் நியூட்டன் என்ற பாதிரியார், நம் நாட்டுத் தேனீயின் அளவுக்குத் தகுந்தாற்போல ஒரு சின்ன மரப்பெட்டியை அமைத்துக் கொடுத்தார். இன்றைக்கும் அதற்கு நியூட்டன் பெட்டி என்றுதான் பெயர். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர், தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாக வீடு வீடாகப் பரப்பினார். மார்த்தாண்டம் தேனுக்கு 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

பெரியவர் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி: "ஈ எவ்வளவு பெருசு மக்கா? வீட்டு ஈயை விடக் கொஞ்சம் பெருசா, இல்லே பெரிய குளவி மாதிரியா?"

"சின்னதுதாங்க. வீட்டு ஈயை விடக் கொஞ்சம் பெருசு. உடம்புல வரி வரியா இருக்கு."

"அடை ஏதும் தெரியுதா?"

"இல்லைங்க. வெறும் தேனீதான் ஒண்ணு மேல ஒண்ணு பிடிச்சுக்கிட்டுத் தொங்குது."

"அப்போ நம்ம நாட்டுத் தேனீதான். பயப்படாதீங்க. நடுவுல ஒரு கிழவி இருக்கா. அவளுக்கு வீடு பார்த்துக்கிட்டு இருக்காங்க. கிடைச்சதும் போயிருவாங்க" என்றார்.

கிழவியா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் அவர் விளக்கியதும், பிறகு நூலகத்தில் நான் தேடிப் படித்ததும் சேர்த்துச் சொல்கிறேன். கேட்டால் நீங்களும் மூக்கில் விரலை வைப்பீர்கள்!

பெயர்தான் ராணி!

ஒரு தேன்கூட்டில் ஒரே ஒரு ராணி, ஆயிரக்கணக்கில் வேலைக்காரத் தேனீக்கள், சில நூறு ஆண் தேனீக்கள். வேலைக்காரத் தேனீக்கள் எல்லாமே பெண்கள். பெருக்குவது, துடைப்பது, குழந்தை வளர்ப்பது, வீடு கட்டுவது, காவல் காப்பது, தேனும் மகரந்தமும் கொண்டுவருவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆண்களுக்கு இதில் ஒரு வேலையும் கிடையாது. (இதைப் படித்துக் காட்டியபோது இவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்!)

ராணி என்றதும் சிம்மாசனத்தில் உட்கார்ந்து உத்தரவு போடுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் முட்டையிடுகிற தாய். நல்ல பூக்காலத்தில் நாளுக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிடுவாள். அவளுக்கு ஊட்டிவிடுவதும், உடம்பைச் சுத்தம் செய்வதும் வேலைக்காரத் தேனீக்கள்தான். பெண் பிறக்க வேண்டுமா, ஆண் பிறக்க வேண்டுமா என்பதுகூட அவர்கள் கட்டித் தருகிற அறையைப் பொறுத்தது. சின்ன அறையில் இடுகிற முட்டை பெண்ணாகும். பெரிய அறையில் இடுவது ஆணாகும். நம்மை 'இல்லத்தரசி' என்று சொல்கிறார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி அரசிதான் அவளும்!

ஆனால் அவள் உடம்பிலிருந்து வருகிற ஒரு வாசனை உண்டு. அவளைத் தொட்ட தேனீக்கள் மூலமாக அது கூடு முழுக்கப் பரவும். 'அம்மா வீட்டில் இருக்கிறாள்' என்று எல்லோருக்கும் தெரிவது அந்த வாசனையால்தான். ராணி செத்துப்போனால் சில மணி நேரத்திலேயே கூடு பரபரத்துவிடும். இளம்புழுக்கள் இருந்தால் அவற்றில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, விசேஷ உணவு ஊட்டிப் புது ராணி ஆக்கிவிடுவார்கள். அதுவும் இல்லையென்றால் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிட ஆரம்பிக்கும். அப்படிப் பிறப்பது அத்தனையும் ஆண்தான். வேலை செய்ய ஆளில்லாமல் அந்தக் குடும்பம் அழிந்துபோகும்.

தாய் கிளம்புகிறாள்

மழைக்காலம் முடிந்து பூக்கள் பெருகும்போது கூட்டில் முட்டை பெருகும், குஞ்சு பெருகும், இடம் போதாது. கூட்டம் அதிகமானால் ராணியின் வாசனையும் எல்லோரையும் சரியாக எட்டாது. அப்போது வேலைக்காரத் தேனீக்கள் அடையின் அடிப்பக்கத்தில் வேர்க்கடலை மாதிரி தொங்குகிற சில அறைகளைக் கட்டுகின்றன. அவைதான் ராணி அறைகள். அதில் வைக்கும் முட்டை தனி ரகம் இல்லை. வேலைக்காரத் தேனீ ஆகிற அதே முட்டைதான். வேலைக்காரப் புழுவுக்கு முதல் மூன்று நாள் சீம்பால் மாதிரியான உணவு. அப்புறம் தேனும் மகரந்தமும். ராணியாகப் போகிற புழுவுக்கோ கடைசி வரைக்கும் அந்தச் சீம்பால்தான், அதுவும் மிதக்க மிதக்க! அதனால் சுமார் 16 நாளில் ராணி வெளியே வந்துவிடுகிறாள். வேலைக்காரத் தேனீ வெளியே வர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகிறது. போஷாக்கு எப்படி ஆளை மாற்றுகிறது பாருங்கள்!

இதற்கிடையில் பழைய ராணிக்குச் சாப்பாட்டைக் குறைத்துவிடுவார்கள். முட்டையிட்டு முட்டையிட்டுக் கனத்துப்போன உடம்போடு அவளால் பறக்க முடியாது. ஓட்டியும் உலுக்கியும் அவளை நடக்கவைப்பார்கள். அவள் இளைத்து, முட்டையிடுவதை நிறுத்துவாள். ராணி அறைகள் மூடப்பட்ட சமயமாகப் பார்த்து, ஒரு நல்ல வெயில் நாளில், கூட்டில் பாதிக்கு மேற்பட்ட தேனீக்கள் வயிறு முட்டத் தேன் குடித்துவிட்டுப் புறப்படும். பழைய ராணியும் கூடவே கிளம்புவாள். கட்டிய அடை, சேர்த்த தேன், தொட்டிலில் இருக்கிற குஞ்சுகள் எல்லாவற்றையும் பிறக்கப்போகிற மகளுக்கு விட்டுவிட்டு, தாய் வெளியேறுகிறாள்! இதுதான் கூட்டம் பிரிதல்.

இதைக் கேட்டு எங்கள் அத்தை, எழுபத்தைந்து வயசு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பெத்தவ வெளியே போறா, பொண்ணு வீட்டுல இருக்கா. நம்ம வழக்கத்துக்கு நேர் எதிரால்ல இருக்கு" என்றார்கள். மறுபடி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்கள்.

வீடு பார்க்கப் போனவர்கள்

கிளம்பிய கூட்டம் நேராகப் புது வீட்டுக்குப் போவதில்லை. பக்கத்தில் ஒரு கிளையில் தங்கும். அதில் அனுபவமுள்ள சில நூறு தேனீக்கள் நாலாபக்கமும் பொந்து தேடிப் போகும். நல்ல இடம் பார்த்துவிட்டு வந்த தேனீ, கொத்தின் மேலேயே உடம்பை ஆட்டி நடனமாடும். எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்பது அந்த ஆட்டத்திலேயே இருக்கும். தேனீயின் நடனத்துக்கு அர்த்தம் கண்டுபிடித்த கார்ல் ஃபான் ஃபிரிஷ், 1973ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டவர் 1949ல் ஜெர்மனியின் ம்யூனிக் நகரில் ஒரு தேனீக் கொத்தைக் கவனித்தார். ஆடிக்கொண்டிருந்த தேனீக்கள் மேல் கரியும் செங்கல் தூளும் ஒட்டியிருந்தன. பூவுக்குப் போன தேனீ மேல் கரி எப்படி வரும்? போரில் இடிந்த ஊரில் புகைக்கூண்டிலும் செங்கல் சந்திலும் புகுந்து வீடு பார்த்துவிட்டு வந்திருக்கின்றன என்று புரிந்துகொண்டார்.

வாடகை வீட்டுக்குத் தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் என்று அலைந்து, புழுதியோடு வீடு திரும்பிய எங்கள் பழைய நாட்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தது!

நல்ல இடமாக இருந்தால் ஆட்டம் மும்முரமாக இருக்கும். அதைப் பார்த்து மற்றவை போய்ப் பார்த்துவிட்டு வந்து அவையும் ஆடும். ஓர் இடத்துக்குப் போதுமான ஆதரவு சேர்ந்ததும் மொத்தக் கூட்டமும் எழும்பும். இதிலும் ராணிக்கு ஓட்டு இல்லை! ஆனால் அவள் கூட வரவில்லையென்றால் கூட்டம் திரும்பிவிடும். இதெல்லாம் முடியச் சில மணி நேரம் ஆகலாம். இரண்டு மூன்று நாளும் ஆகலாம். அதுவரை அவற்றுக்குக் காக்க வேண்டிய குஞ்சும் இல்லை, தேனும் இல்லை. வயிறும் நிறைந்திருக்கிறது. அதனால் சீண்டாதவரை பெரும்பாலும் கொட்டுவதில்லை.

அன்று இரவு

எட்டு மணிக்கு எதிர்வீட்டுப் பெரியவர் நீளக் கழியில் துணி சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இவரும் ஆபீஸிலிருந்து வந்துவிட்டார். மார்த்தாண்டத்துப் பெரியவர் கடைசியாகச் சொன்னது என் காதிலேயே இருந்தது. 1991-92ல் தாய்லாந்து சாக் புரூட் என்கிற வைரஸ் நோய் தென் மாநிலங்களில் பரவி, புழுக்களைப் பை பையாக அழுக வைத்ததாம். காலையும் மாலையும் கலகலவென்று இருந்த பெட்டிகள் ஒன்றொன்றாகக் காலியானதைப் பார்த்திருக்கிறார். "தப்பிச்ச கொஞ்சம் கூட்டத்தைப் பிரிச்சுப் பிரிச்சுத்தான் மறுபடி பெட்டி நிறைஞ்சுது. ஒரு கூட்டத்தை எரிச்சா ஒரு குடும்பம் போச்சு மக்கா" என்றார்.

நான் வாசலில் நின்று, "இன்னிக்கு ஒரு ராத்திரி விட்டுடலாங்க. நாளைக்கும் போகலைன்னா அப்புறம் பார்ப்போம்" என்றேன். இவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் வெளியார் எதிரே இவர் சொன்னதற்கு மாறாக நான் பேசியதில்லை. "குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் பெண்தான் உள்ளேயிருந்து, "அம்மா சொல்றபடி இருக்கட்டும்ப்பா" என்றாள்.

கொல்லைப்புற விளக்கை அணைத்தோம். அந்தப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கில் துணி திணித்தோம். குழந்தையை முன்னறையில் கொசுவலைக்குள் படுக்கவைத்தோம். ராத்திரி முழுக்க எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. நாலு தரம் எழுந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கொத்து அசையாமல் அப்படியே இருந்தது.

காலையில் வெயில் ஏறியதும், பத்து மணி வாக்கில், கொத்தின் மேல் நிஜமாகவே நடனம் பார்த்தேன். ஐந்தாறு தேனீக்கள் வயிற்றை ஆட்டிக்கொண்டு சின்னக் கோடாக ஓடும், சுற்றி வரும், மறுபடி அதே கோட்டில் ஓடும். பதினொன்றரைக்கு இரைச்சல் எழும்பியது. கொத்து மேலிருந்து அவிழ்வதுபோல் கலைந்தது. ஒரு மேகம் மாதிரி எங்கள் ஓட்டுக்கு மேலே எழும்பி, கிறிஸ்தவக் கல்லூரிக் காட்டுப் பக்கமாகப் போய்விட்டது. ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. அவை தொங்கிய கிளையில் வெள்ளைப் பொடி போலக் கொஞ்சம் மெழுகுத் துணுக்கு. அவ்வளவுதான். ஒருவரையும் கொட்டவில்லை.

மகள் வீட்டில்

இந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பின்தெருவில் பூட்டிக்கிடக்கிற வீட்டின் பழைய மர மீட்டர் பெட்டியிலிருந்து! தீபாவளியிலிருந்தே அதில் தேனீ போய்வருவதைப் பார்த்திருக்கிறேன். இப்போது நடமாட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. சில நாளில் அங்கே புது ராணி வெளியே வந்திருப்பாள். முதலில் வருகிறவள் மற்ற ராணி அறைகளைத் தேடிப்போய் உள்ளே இருப்பவளைக் கொட்டிக் கொன்றுவிடுவாளாம். சில சமயம் வேலைக்காரத் தேனீக்கள் அதைத் தடுத்து, அவளையும் இன்னொரு கூட்டத்தோடு அனுப்பிவிடுவதும் உண்டு. ராஜவம்சத்துப் பங்காளிச் சண்டை!

ஜெயித்தவள் ஒரு வாரம் போல உள்ளே இருந்து, பிற்பகல் வெயிலில் வெளியே பறப்பாள். ஆகாயத்திலேயே பத்துக்கும் மேற்பட்ட ஆண் தேனீக்களோடு சேர்வாள். சேர்ந்த ஆண் அங்கேயே உயிரை விட்டுவிடும். அப்புறம் ஆயுள் முழுக்க அவள் முட்டையிட அது போதும். பிறகு அவள் வாசலைத் தாண்டுவது, தன் மகளுக்கு வீட்டை விட்டுக்கொடுத்துக் கிளம்புகிற அன்றைக்குத்தான்.

தாய்மார்கள் கவனத்துக்கு

உங்கள் வீட்டு மரத்திலோ சன்ஷேடிலோ தேனீக் கொத்து வந்து தங்கினால்:

சின்னத் தேனீயா, அடை இல்லாமல் வெறும் கொத்தா என்று தூரத்திலிருந்து கவனியுங்கள். அப்படியானால் குழந்தைகளை உள்ளே வைத்து, இரண்டு மூன்று நாள் பொறுத்திருங்கள். கல்லெறிவது, தண்ணீர் பீய்ச்சுவது, புகை போடுவது, மருந்தடிப்பது எதுவும் வேண்டாம்.

தண்ணீர்த் தொட்டியிலும் உயரமான அடுக்குமாடிகளிலும் முறம் போல ஒரே அடையாகத் தொங்குவது மலைத் தேனீ. உருவத்தில் பெரியது. அதன் கோபம் பொல்லாதது. அதன் பக்கமே போகாதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101ல் சொல்லுங்கள். நீங்களாகப் பந்தம் பிடித்தால் தப்பிய தேனீக்கள் தெருவில் போகிறவர்களைக் கொட்டும்.

கொட்டிவிட்டால் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் ஒற்றடம் கொடுங்கள். மூச்சுத் திணறல், முகம் உதடு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, மயக்கம் இதில் எது வந்தாலும், அல்லது நிறைய இடத்தில் கொட்டியிருந்தாலும், 108ஐக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று. ஒரு வயது முடியாத குழந்தைக்கு எவ்வளவு சுத்தமான தேனாக இருந்தாலும் நாக்கில் தடவக்கூட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து பச்சிளங்குழந்தையின் குடலில் விஷத்தை உண்டாக்கக் கூடும். காய்ச்சினாலும் அது சாவதில்லை. எங்கள் அத்தை ஆசை ஆசையாகக் கேட்டும் என் பெண் மறுத்துவிட்டாள்.

அன்று மத்தியானம் எதிர்வீட்டுப் பெரியவர் வந்து மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நிஜமாவே போயிடுச்சேம்மா!" என்றார். கொண்டுவந்த கழியைத் திரும்ப எடுத்துப் போகவில்லை. துணியை அவிழ்த்துவிட்டு, மண்ணெண்ணெய் வாடை போக வெயிலில் காயவைத்தேன். இப்போது பேரன் துணி கனம் தாங்காமல் தொய்கிற கொடிக்கு அதுதான் முட்டு.